கேஸ் மீட்டர் தவறாக ஓடினால் பில்லை எப்படித் திருத்த வேண்டும்?

கோவையில் அடுக்ககம் ஒன்றில் பைப் கேஸ் இணைப்பு வைத்திருக்கும் பெண் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் 12 கன மீட்டர் அளவுக்குத்தான் எப்போதும் செலவு இருக்கும். கடைசி இரண்டு பில்களில் அது 31, 30 என்று ஏறிவிட்டது. புகார் கொடுத்த பிறகு கம்பெனி மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ச் சோதித்து, 4.2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்து, கடைசி பில்லில் மட்டும் 4.2 சதவீதத்தைக் கழித்திருக்கிறது. இது சரியா என்பது முதல் கேள்வி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்தும் அண்ணன் ஒருவருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அவருடைய மீட்டர் 35 சதவீதம் மெதுவாக ஓடியது என்று சொல்லி, இணைப்புக் கொடுத்த நாளிலிருந்து 25 மாதத்துக்கும் கணக்குப் போட்டு ஒரு பெருந்தொகையைக் கேட்கிறார்கள். முதல் 16 மாதம் மாதத்துக்கு 300 கன மீட்டர், பிறகு நான்கு மாதம் 240, கடைசி ஐந்து மாதம் 195 என்று அவருடைய ரீடிங் இருந்திருக்கிறது. பைப் கேஸ் வருவதற்கு முன் அவர் மாதத்துக்கு 12 வணிக சிலிண்டர் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்யலாம் என்பது இரண்டாவது கேள்வி.

கேஸ், தண்ணீர் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் செய்த கணக்கு தவறு. அம்மிச்சி வீட்டில் உண்மையான காரணத்தை யாரும் இன்னும் தேடவே இல்லை. மெஸ்காரரின் மீட்டர் உண்மையிலேயே பழுதாகியிருக்கிறது, அவர் ஒரு தொகை கட்டத்தான் வேண்டும். ஆனால் கேட்கப்படும் அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் அவர் கட்ட வேண்டியது.

முதலில் அம்மிச்சி வீடு. 4.2 சதவீதம் வேகமாக ஓடும் மீட்டர் 12 கன மீட்டரை 12.5 ஆகக் காட்டும், 31 ஆகக் காட்டாது. மீதமுள்ள பதினெட்டுச் சொச்சம் கன மீட்டர் எங்கே போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்றில் இருக்கும் வெப்பம், இயற்கை எரிவாயுவில் சுமார் 18 கன மீட்டருக்குச் சமம். அப்படியானால் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வழக்கத்துக்கு மேல் ஒரு முழு சிலிண்டரை எரித்துவிட்டார் என்று அந்த பில் சொல்கிறது. சோதனையில் ஏதோ ஒரு பிழை கிடைத்துவிட்டது என்பதற்காக அதுவே காரணம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சோதனையில் வந்த பிழை, பில்லில் தெரியும் ஏற்றத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இதில் நான் முதலில் பார்க்கச் சொல்வது மீட்டரின் எண். சோதனை அறிக்கையில் உள்ள எண், பில்லில் அச்சாகியிருக்கும் எண், இப்போது சுவரில் இருக்கும் மீட்டரின் எண், அது எந்த வீட்டுக் குழாயோடு சேர்ந்திருக்கிறது என்பது, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடுக்ககங்களில் மீட்டர்கள் ஒரே இடத்தில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். பதிவேட்டில் இரண்டு வீட்டு எண்கள் இடம் மாறிவிட்டால் ஆறு பேர் இருக்கும் மேல்வீட்டின் செலவு அம்மிச்சியின் பில்லில் வரும், மேல்வீட்டாருக்குக் குறைவாக வரும். குறைவாக வந்தவர்கள் புகார் சொல்லப் போவதில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. அம்மிச்சி வீட்டில் ஒரு பர்னரை எரியவிட்டு, கீழே ஒருவர் நின்று எந்த மீட்டரின் கடைசி இலக்கம் நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

அடுத்தது கசிவு. இரண்டு மாதத்தில் 18 கன மீட்டர் என்பது மணிக்கு 12 முதல் 13 லிட்டர் வரை. மீட்டரின் முகப்பில் கறுப்பு இலக்கங்கள் முழுக் கன மீட்டரையும், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னத்தையும் காட்டும். சிவப்பின் கடைசி இலக்கம் ஒரு லிட்டர். அடுப்பு, கீசர் எல்லாவற்றையும் மூடிவிட்டு, மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். இந்த அளவுக்குக் கசிவு இருந்தால் ஐந்தாறு லிட்டர் நகர்ந்திருக்கும். அப்படி நகர்ந்தால் பில்லைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, மெயின் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல், வெளியே வந்து கம்பெனியின் அவசர எண்ணை அழையுங்கள். கேஸில் வாடை சேர்த்துத்தான் விடுகிறார்கள். ஆனாலும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போய்க் கலைந்துவிடும், வயதானவர்களுக்கு மோப்பமும் குறைந்திருக்கும். அம்மிச்சி வாடை வரவில்லை என்று சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டும் இல்லை என்றால் பர்னரை வைத்து ஒரு சோதனை செய்யலாம். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் முழுத் தீயில் மணிக்கு 150 முதல் 250 லிட்டர் வரை எடுக்கும். பத்து நிமிடத்தில் 25 முதல் 40 லிட்டர் வரை நகர்ந்தால் மீட்டர் கிட்டத்தட்ட ஒழுங்காக இருக்கிறது. எண்பது தொண்ணூறு என்று ஓடினால்தான் மீட்டரையே சந்தேகிக்க வேண்டும். இப்போது மாட்டியிருக்கும் புதிய மீட்டரிலும் இதைச் செய்யுங்கள். புதிய மீட்டரும் பழையபடியே அதிகமாகக் காட்டினால் பழைய மீட்டரின்மேல் போட்ட பழி தவறு என்று ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ரீடிங் எடுப்பவர் வராத காலங்களில் உத்தேசமாகப் போட்ட பில்லுக்கும், அடுத்து வரும் உண்மையான ரீடிங்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரே பில்லில் வந்து விழுவது. பில்லில் உத்தேசம் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று முந்தைய ஓராண்டு பில்களையும் எடுத்துப் பாருங்கள்.

இனி அந்த 4.2 சதவீதத்துக்கு வருவோம். வீட்டு கேஸ் மீட்டருக்குள் மடிப்பு வைத்த இரண்டு மென்தோல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஓர் அறை. கேஸ் ஓர் அறையை நிரப்பும்போது மறு அறையைக் காலி செய்கிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் பல் சக்கரங்கள் எண்ணைத் தள்ளுகின்றன. ஆகவே மீட்டர் பிழையாவதற்கான வழிகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. மென்தோல் விறைத்தோ சுருங்கியோ போனால் ஒரு சுற்றுக்கு உள்ளே போகும் கேஸ் குறையும், எண் மட்டும் பழையபடி ஏறும். அது வேகமாக ஓடும் மீட்டர். மென்தோலில் கீறல் விழுந்தாலோ வால்வு தேய்ந்தாலோ கேஸ் எண்ணப்படாமல் நழுவிப் போகும். அது மெதுவாக ஓடும் மீட்டர். வேகம் பெரும்பாலும் சிறு சதவீதங்களில்தான் இருக்கும். மெதுவுக்கு அப்படி எல்லை கிடையாது, முழுவதும் நின்றே போகலாம். கொங்கு நாட்டுக் கடைகளில் தராசைச் சந்தேகிப்பது போல, மீட்டர் இரண்டு மடங்கு கூட்டிக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த வகை மீட்டரின் அமைப்பு அதற்கு அநேகமாக இடம் தராது.

வீடுகளுக்கு மாட்டும் ஜி 1.6 அளவு மீட்டர் மணிக்கு 2.5 கன மீட்டர் வரை அளக்கும். துல்லியத்தில் 1.5 வகுப்பைச் சேர்ந்த மீட்டருக்கு சர்வதேசச் சட்டமுறை அளவையியல் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு என்னவென்றால், புதிதாக இருக்கும்போது உச்ச ஓட்டத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்குக் கீழே 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் மீட்டருக்கு இந்த எல்லைகள் இரட்டிப்பு. இந்த மீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது மணிக்கு 250 லிட்டர். அம்மிச்சி ஒரு பர்னரில் அரிசிம்பருப்பு வடித்து, பாலைக் காய்ச்சி இறக்கும்போது ஓட்டம் 250-க்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே 4.2 சதவீதம் எந்த ஓட்டத்தில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உச்ச ஓட்டத்தில் எடுத்திருந்தால் மீட்டர் வரம்பை மீறிவிட்டது, ஆனால் அந்த ஓட்டத்தை அம்மிச்சி ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. சிறு ஓட்டத்தில் எடுத்திருந்தால் மீட்டர் வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் அவருடைய பில்லுக்குப் பொருந்தும் பிழை அதுதான். குறைந்தது மூன்று ஓட்டங்களில் எடுத்த பிழைகளைத் தனித்தனியாகக் காட்டும் அறிக்கையைக் கேளுங்கள். சராசரி எடுப்பதென்றால் அந்த வீட்டின் பயன்பாட்டுக்கு ஏற்றபடி சிறு ஓட்டத்துக்கு அதிக இடம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். கீசர் இருக்கும் வீட்டுக்கு இது மாறும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கீசர் ஒன்றே மணிக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் எடுக்கும்.

சோதனை நடந்த விதமும் முக்கியம். மீட்டரைக் கழற்றியவுடன் இரு வாயையும் மூடியிட்டு அடைத்து, நிமிர்ந்த நிலையில், சீல் வைத்த பையில் கொண்டுபோக வேண்டும். கழற்றும்போது இருந்த ரீடிங்கை நீங்களும் அவர்களும் கையெழுத்திட்ட தாளில் குறிக்க வேண்டும். திறக்காமல், சுத்தம் செய்யாமல், வந்தது வந்தபடியே முதல் சோதனை நடக்க வேண்டும். ஒருமுறை திறந்துவிட்டால் அது பழைய மீட்டர் இல்லை, பில்லைப் பற்றி அதனிடம் கேட்க இனி ஒன்றும் இல்லை. கம்பெனியின் சோதனையில் நம்பிக்கை இல்லை என்றால் வெளியே சோதிக்கக் கேட்கலாம். நமக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது: கேரள எல்லையில் உள்ள வாளையாரைத் தாண்டினால் கஞ்சிக்கோட்டில் மத்திய அரசின் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஓட்ட அளவிகளைச் சோதிப்பதில் நாட்டிலேயே முக்கியமான இடம் அது. மீட்டர் வரம்பை மீறியது என்று தெரிந்தால் சோதனைச் செலவு கம்பெனியுடையது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிழை உறுதியானால் கணக்கு எப்படி? இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். மீட்டர் 4.2 சதவீதம் வேகம் என்றால், உண்மையில் 100 போனபோது அது 104.2 காட்டியது என்று பொருள். ஆகவே உண்மை அளவைப் பெற, காட்டிய அளவை 1.042-ஆல் வகுக்க வேண்டும்; காட்டிய அளவில் 4.2 சதவீதத்தைக் கழிக்கக் கூடாது. 31-ஐ வகுத்தால் 29.75 வருகிறது. கழித்தால் 29.70 வருகிறது. சிறு பிழையில் இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை, உண்மையில் இங்கே கம்பெனி செய்தது உங்களுக்குச் சற்றே சாதகம். மெதுவாக ஓடும் மீட்டரில் இதுவே வேறாகிவிடும். 35 சதவீதம் மெதுவான மீட்டர் 195 காட்டினால் உண்மை அளவு 195-ஐ 0.65-ஆல் வகுத்து வரும் 300. 195-உடன் அதன் 35 சதவீதத்தைக் கூட்டினால் 263 மட்டுமே வரும். கணக்கு உங்களுக்கு எதிராகப் போகும் இடத்திலும் சரியான கணக்கையே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவரின் மற்ற வாதங்களுக்கும் எடை கூடுகிறது.

வரம்பை மீறிய பிழைக்கு, வரம்புக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் திருத்தினால் போதும் என்று சில இடங்களில் வாதிடுகிறார்கள். 4.2 சதவீதத்தில் 3 சதவீதம் அனுமதிக்கப்பட்டது, ஆகவே 1.2 மட்டும் திருப்பித் தருகிறோம் என்ற வகை இது. இதை நான் ஏற்கவில்லை. வரம்பு என்பது மீட்டரை வைத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வதற்காக வைத்தது. விற்பவருக்குச் சேர வேண்டிய பங்கை அது குறிக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று முடிவான பிறகு முழுப் பிழையையும் சுழியத்துக்குக் கொண்டுவந்துதான் திருத்த வேண்டும். இது இரு தரப்புக்கும் பொருந்தும்.

ஆனால் சதவீதத்தைவிடப் பணத்தைத் தீர்மானிப்பது காலம். எந்த நாளிலிருந்து மீட்டர் பிழையாக ஓடியது என்பதுதான் வழக்கின் உயிர். அம்மிச்சி வீட்டில் கடைசி பில்லை மட்டும் திருத்தியதற்கு என்ன ஆதாரம் என்று கம்பெனியைக் கேட்க வேண்டும். மென்தோல் ஒரே நாளில் விறைப்பதில்லை. மெஸ்காரரிடம் 25 மாதத்துக்கும் கேட்பதற்கு என்ன ஆதாரம் என்றும் அதே குரலில் கேட்க வேண்டும். மெதுவானது எப்போது என்பதற்கு ஆவணமே இருக்கும்போது வசதியான ஒரு காலத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஆவணம் இல்லாதபோதுதான் உத்தேச விதிகளுக்குப் போக வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய உத்தேச விதி இருக்கிறது: பிழை தொடங்கிய நாள் தெரியாவிட்டால், முந்தைய சோதனையிலிருந்து கழிந்த காலத்தில் பாதிக்கு, அதுவும் ஆறு மாதம் போன்ற ஓர் உச்ச வரம்புக்குள் திருத்துவது. நம்மூரில் எல்லோருக்கும் பழக்கமான மின்சாரத்துக்கு, தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின் 11-ஆம் விதி வேறு வழியைச் சொல்கிறது. மீட்டர் பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு காலங்களிலும் பயன்பாட்டின் நிலைமை ஒன்றாக இருந்தால் மட்டுமே. நிலைமை வேறாக இருந்தால் முந்தைய 12 மாதத்துக்குள் நிலைமை ஒத்திருந்த நான்கு தொடர் மாதங்களைத் தேட வேண்டும். அந்த விதி கேஸுக்குப் பொருந்தாது, அதை மேற்கோளாகக் காட்டி வழக்காட முடியாது. ஆனால் நிலைமை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயத்தின் அடிப்படையில் எந்த மீட்டருக்கும் பொருந்தும், அதைக் கடிதத்தில் தாராளமாக எழுதலாம்.

மெஸ்காரரின் ரீடிங்குகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். முதல் 16 மாதமும் மீட்டர் 35 சதவீதம் மெதுவாக ஓடியது என்றால் 300 என்பது உண்மையில் 461 ஆக இருந்திருக்க வேண்டும். பைப் கேஸ் வருவதற்கு முன் அவர் மாதத்துக்கு 12 வணிக சிலிண்டர் வாங்கிக்கொண்டிருந்ததாகக் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறார்கள். 19 கிலோ சிலிண்டர் ஒன்று சுமார் 24 கன மீட்டருக்குச் சமம், பன்னிரண்டுக்கு 288. அதே அடுப்பு, அதே சாப்பாட்டு எண்ணிக்கை என்றால் 300-ஐ ஒட்டித்தான் வர வேண்டும், வந்தும் இருக்கிறது. ஆகவே முதல் 16 மாதம் மீட்டர் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு 240-க்கு இறங்கியது, பிறகு 195-க்கு இறங்கியது. கடைசி ஐந்து மாத 195-ஐ 0.65-ஆல் வகுத்தால் சரியாக 300 வருகிறது என்பதை ஏற்கெனவே பார்த்தோம். சோதனை முடிவும் பழைய ரீடிங்கும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. நடுவில் உள்ள நான்கு மாதத்தில் பிழை 35 சதவீதம் இல்லை, 20 சதவீதம்தான். ஆகவே அவர் கட்ட வேண்டியது, நான்கு மாதத்துக்கு மாதம் 60 வீதம் 240, ஐந்து மாதத்துக்கு மாதம் 105 வீதம் 525, ஆக மொத்தம் 765 கன மீட்டர். 25 மாதத்துக்கும் 0.65-ஆல் வகுத்துப் போட்ட கணக்கில் இதுவே 3,627 கன மீட்டர் ஆகிவிடுகிறது. இந்த 765-லிருந்தும் குறைய வேண்டியது ஏதாவது இருக்கலாம். கல்லூரி விடுமுறையில் மெஸ்ஸைச் சில வாரம் மூடியிருந்தால், ஆள் குறைந்திருந்தால், அதைக் காட்டும் அரிசி, காய்கறிக் கணக்கையும் மாதச் சாப்பாட்டுச் சீட்டுக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

மீட்டர் சரியாக இருந்தும் பில் தவறாகும் வகை ஒன்று இருக்கிறது. கோவைக்காரர்களுக்கு இது மிகவும் பொருந்தும் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். மீட்டர் அளப்பது கன அளவை மட்டுமே. அதற்குள் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பது அழுத்தத்தையும் வெப்பத்தையும் பொறுத்தது. அதனால்தான் விற்பனைக்கு நிலையான கன மீட்டர் என்ற அலகை வைத்திருக்கிறார்கள்: 15 டிகிரி செல்சியஸ், 1013.25 மில்லிபார் அழுத்தத்தில் ஒரு கன மீட்டர். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 965 மில்லிபார். வீட்டுக் குழாயில் கேஸ் அதற்கு மேல் 21 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. மீட்டர் இருக்கும் இடத்தில் 30 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொண்டால், மீட்டர் காட்டும் ஒரு கன மீட்டர் உண்மையில் 0.925 நிலையான கன மீட்டர்தான். அப்படியானால் மீட்டரில் ஓடிய எண்ணை அப்படியே நிலையான கன மீட்டராக எழுதிப் பணம் வாங்கினால் எட்டு சதவீதம் கூடுதலாக வாங்கியதாகும். அம்மிச்சி வீட்டுச் சோதனையில் கிடைத்த மீட்டர் பிழையைப் போல் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஊட்டி உயரத்துக்கு 15 டிகிரி குளிரிலும் இந்தப் பெருக்கு எண் 0.78 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே பில்லில் மீட்டர் ரீடிங் வித்தியாசமும், விலை போட்ட அளவும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா, இடையில் பெருக்கு எண் ஏதும் இருக்கிறதா, விலை எந்த அலகுக்கு நிர்ணயிக்கப்பட்டது என்று உங்கள் இணைப்பு ஒப்பந்தம் சொல்கிறது என்று பாருங்கள். சில மீட்டர்களில் வெப்பத்துக்கான திருத்தம் உள்ளேயே இருக்கும், முகப்பில் அதற்கான குறியும் இருக்கும். அப்போது அழுத்தத்துக்கு மட்டும் திருத்தினால் போதும். மெஸ்காரருடைய 288-உம் இப்படித்தான் மீட்டர் அளவில் 311 ஆகிறது. 300-க்கு இன்னும் பக்கத்தில் இருப்பதால் அவருடைய வாதம் இதனால் குலையவில்லை.

திருத்திய பில்லில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. ஒவ்வொரு பில் காலத்துக்கும் அந்தக் காலத்து விலையையே போட வேண்டும். இன்றைய விலையைப் பழைய மாதங்களுக்குப் போடக் கூடாது. இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.யில் இல்லை, மாநில மதிப்புக் கூட்டு வரிதான். ஆகவே கேஸ் அளவு குறைந்தால் அதன் மேலான வரியும் சேர்ந்து குறைய வேண்டும். பழைய காலத்துக்கு அபராத வட்டி கேட்பது முறையில்லை. மீட்டர் கம்பெனியின் உடைமை, அதைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு, சீல் கலையாத மீட்டர் மெதுவாக ஓடியதற்கு வாடிக்கையாளர் எப்படித் தாமதக்காரர் ஆவார்? திருட்டு, சீல் உடைப்பு என்ற சொல் கடிதத்தில் எங்காவது வந்திருந்தால் மட்டும் உடனே எழுத்தில் மறுக்க வேண்டும்.

முறையிடும் வழி இப்படி. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நகர கேஸ் விநியோகத்தின் சேவைத் தரத்துக்கென்று பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2010-இல் விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அவற்றின்படி நடக்கும்படி கேட்கிறோம் என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். இணைப்பு ஒப்பந்தத்தில் மீட்டர் பழுது பற்றிய பிரிவைப் படித்து, அதன் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை; ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மெஸ்காரரிடம், அவர் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர், நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காகவே பயன்படுத்துபவரை அந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது. மனைவியும் தானுமாக அடுப்படியில் நின்று நடத்தும் மெஸ் என்பதை அவர் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதட்டும்.

அதுவரை இருவரும் செய்ய வேண்டியது, சர்ச்சை இல்லாத தொகையைக் கட்டிவிடுவது. அம்மிச்சி 12 கன மீட்டருக்கான பணத்தையும், மெஸ்காரர் நடப்பு பில்லையும் 765 கன மீட்டருக்கான பணத்தின் முதல் தவணையையும், மீதியை மறுத்தே கட்டுகிறோம் என்று எழுதிக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். 765 கன மீட்டர் ஒன்பது மாதத்தில் சேர்ந்த பாக்கி என்பதால் ஒன்பது தவணை கேட்பது நியாயம். கழற்றிய பழைய மீட்டரைச் சர்ச்சை தீரும்வரை சீலோடு வைத்திருக்க வேண்டும், உடைத்துப் போடக் கூடாது என்று இந்த வாரமே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.